குழந்தையின் திருமுழுக்குக்கு அழைப்பிதழ் தேவையா?

மெழுகுதிரி: இரண்டாவது பிள்ளைக்கு அடுத்த மாதம் திருமுழுக்கு (ஞானஸ்நானம்). மூத்தவளுக்கு எண்பது வீட்டுக்கு அழைப்பிதழ் அனுப்பினோம். கோவிலுக்கு வந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம், மற்ற எல்லோரும் நேராக மண்டபம்தான். ஃபாதர் எங்களிடம் விசுவாச அறிக்கை கேட்கும்போது பின்வரிசையில் ஒருவர் போனில் மண்டபத்துக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அழைப்பிதழே வேண்டாம் என்கிறேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய பாடகர்: வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. திருமுழுக்கு நாலு சுவருக்குள் முடிக்கிற காரியமா? ரோமப் படை அதிகாரி கொர்நேலியு, இயேசுவின் சீடர் பேதுருவை வரவழைத்தபோது சொந்தபந்தம், நெருங்கிய சிநேகிதர் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டுதான் காத்திருந்தார். பைபிளில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

ஈரத்தலை: அண்ணே, அவர் கூப்பிட்டது பேதுரு பேசுவதைக் கேட்க. ஞானஸ்நானம் நடக்கப்போவது அங்கே யாருக்கும் தெரியாது! 16-ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில், அந்த நேரத்திலேயே வீட்டாரோடு பெற்றுக்கொண்டான். எத்தியோப்பிய மந்திரிக்கு வழியில் தண்ணீரைக் கண்டதும் நடந்தது. அட்டை அடிக்க ஏது நேரம்? (கைக்குழந்தைக்குக் கொடுப்பதே எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை மட்டும் செய்து, அவர்களே விசுவாசித்துக் கேட்கும்போது முழுக்குக் கொடுக்கிறோம். அது வேறு பஞ்சாயத்து.)

பழைய பாடகர்: அந்தப் பஞ்சாயத்து வேண்டாம் தம்பி. ஆனால் நீங்கள் முழுக்கு எடுத்தபோது வீடியோ போட்டு ஊருக்கே காட்டினீர்களே, அது மட்டும் என்ன?

ஈரத்தலை: அது சாட்சி!

பழைய பாடகர்: சரி, இதுவும் சாட்சிதான்.

திண்ணை: நான் ஆங்கிலிக்கன் வழியில் வளர்ந்தவள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் வருட ஜெபப் புத்தகம், ஞானஸ்நானத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ திருநாளிலோ, ஜனங்கள் அதிகமாகக் கூடும்போது கொடுப்பதே நல்லது என்கிறது. புதிதாகச் சேர்கிறவரைச் சபை பார்க்க வேண்டும், கூடவே ஒவ்வொருவரும் தன் ஞானஸ்நான வாக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆக, வருகிற சபை எப்படியும் வரும். அட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சபையே இல்லை.

பழைய பாடகர்: அவர்கள் வரக்கூடாதா? என் சிநேகிதர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. சொல்லாமல் அவர்கள் எப்படி வருவார்கள்?

திண்ணை: வரட்டும், நேரில் கூப்பிடுங்கள். அட்டையில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குடும்பம், நெருங்கிய தோழரின் பெயரை ‘ஞானத்தகப்பன்’ (திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்) என்று அச்சடித்து அனுப்பிவிட்டது. அவரையும் கேட்கவில்லை, பங்குத்தந்தையையும் கேட்கவில்லை. அவரோ எங்கள் சபைக்காரர். கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக மட்டும் நிற்கலாம் என்று ஃபாதர் சொல்ல, அவசரமாக இன்னொருவரைத் தேடினார்கள். தோழர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் கையிலிருந்த அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

மெழுகுதிரி: அக்கா, எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தில் 874-ஆம் எண்: ஞானப்பெற்றோருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், பெற்ற தாய் தகப்பன் ஆகக்கூடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கையைக் கேட்டோம்.

ஈரத்தலை: அதே சட்டம், பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்கச் சொல்கிறதாமே? அழைப்பிதழ், மண்டபம், யார் யாருக்கு லீவு என்று தள்ளித் தள்ளி, வெள்ளை உடுப்பு தலைக்குள்ளேயே நுழையாத வயதில் கொண்டுவருகிறார்கள். கழுத்துப் பட்டனை அவிழ்த்து, இரண்டு பேர் இழுத்து, பிள்ளை அலறி... தண்ணீருக்கு அழுததென்று நினைக்கிறார்கள்!

பழைய பாடகர்: தள்ளிப்போடுவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கூப்பிடுவதே தப்பாகிவிடுமா? பீடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஏந்தி நிற்கும்போது, பின்னால் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் வேறு. காலியான பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு வாக்குக் கொடுத்துப் பாருங்கள்.

மெழுகுதிரி: அந்த வரியை வீட்டுக்காரரிடம் காட்டினேன், ‘பார்த்தாயா’ என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தம். அழைப்பிதழ் உண்டு. கோவில், நேரம், பிள்ளையின் பெயர், ‘பரிசு வேண்டாம்’. அவ்வளவுதான், மண்டப முகவரி கிடையாது. அனுப்பி இரண்டு நாள் ஆகிறது. முகவரி விட்டுப்போச்சே என்று இதுவரை ஆறு போன் வந்தாயிற்று.