புதுப்பிப்பு: நியான் டெட்ரா மீன் குஞ்சு பொரித்துவிட்டது!

நியான் டெட்ரா முட்டைகள் எல்லாம் வெள்ளை பூத்துப் போகின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் ரொம்பக் கடின நீர், அதுதான் காரணம். கடினமில்லாத சிறுவாணித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க.

கோயம்புத்தூரில் அக்கா வீட்டிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து, குளோரின் போக வைத்திருந்து, காய்ந்த நாட்டுப் பாதாம் இலை போட்டேன். விடியற்காலை முட்டையிட்டதும் பெரிய மீன்களைப் பிடித்து மாற்றிவிட்டேன், இல்லையென்றால் அவையே தின்றுவிடும். முட்டைக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் தொட்டியைக் கருப்புத் துணியால் மூடினேன்.

மறுநாளே பொரித்துவிட்டது! நாலாம் நாள் துணியைக் கொஞ்சம் விலக்கினேன். கண்ணாடியில் ஒட்டிய நூல் துணுக்கு மாதிரி ஒரு உடம்பு, நுனியில் இரண்டு கரும்புள்ளி. அதுதான் கண். எண்ணினேன், பதினேழு. இப்போது நீந்துகின்றன, இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்) கொடுக்கிறேன். அப்புறம் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறால்.