40 மணித்தியாலம் 'தொண்டு' கட்டாயமாம், செய்யாட்டி ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுத விடக் கூடாதாம். பஸ் காசு யாரு குடுப்பா?

பெரட்டுக்களம்:
நேத்து ராத்திரி பழைய மாணவர் சங்கத்து சூம் மீட்டிங். கனடாவுல இருக்கிற ஒரு பெரியவர் பேசுனாரு. இலங்கை மலையகத்துத் தோட்டப் புள்ளைங்களுக்கு வேலை அனுபவமே கெடையாதாம், அதனால தான் இன்டர்வியூவுக்குப் போனா வாய் தொறக்க மாட்டேங்குதுங்களாம், அங்க ஒண்டாரியோ மாகாணத்துல மாதிரி இங்கயும் 40 மணித்தியாலம் தொண்டு வேலை, அதுக்கு மேல ரெண்டு கிழமை கம்பெனி அனுபவம், ரெண்டையும் கட்டாயமாக்கணுமாம், செய்யாத புள்ளைய ஏ/எல் எழுத விடக் கூடாதாம். எல்லாரும் கை தட்டுறாங்க. நான் மைக்க ஆன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டேன், சேர் பஸ் காசு யாரு குடுப்பான்னு. மியூட் பண்ணிட்டாங்க. சரி இங்க யாராச்சும் பதில் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம், அது ஒண்ணு மட்டும்.

ஸ்காபரோ_மாஸ்டர்:
தம்பி, அந்தக் கூட்டத்திலை நானும் இருந்தனான். உங்களை ஒருத்தரும் மியூட் பண்ணேல்லை, உங்கடை பக்கத்திலை நாய் குரைச்ச சத்தத்துக்குத்தான் மியூட் பண்ணினது. விசயத்துக்கு வாறன். ஒண்டாரியோவிலை 1999 இலை இருந்து இந்த 40 மணித்தியாலம் இருக்கு, முடிக்காட்டி ஹைஸ்கூல் டிப்ளோமா இல்லை. ஒரு வருசத்துக்கு இல்லை, நாலு வருசத்துக்கும் சேர்த்து 40. வருசத்துக்குப் பத்து. இதுக்கே இவ்வளவு சத்தமோ? இங்கை எங்கடை பிள்ளையள் கோயில்லை பந்தி பரிமாறி, ஃபுட் பாங்கிலை சாமான் அடுக்கி கிரேட் 10 முடியிறதுக்குள்ளையே முடிச்சிடுவினம். 80களிலை அட்டன் பக்கம் படிப்பிச்சனான், உங்கடை பிள்ளையளின்ரை கெட்டித்தனம் எனக்குத் தெரியும். கூச்சம்தான் பிரச்சினை. நாலு பேரோடை பழகினால் அது போகும்.

பெரட்டுக்களம்:
நல்லதுங்க மாஸ்டர். பஸ் காசு யாரு குடுப்பா?

டிக்கோயா_குமாரு:
அண்ணே ஆரம்பிச்சிட்டீங்களா 😂 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப எங்க செட்டுப் பசங்க மண்வெட்டியோட நடந்தே போனாங்க, தோட்டத்து லய வீட்டுக்குள்ள இடுப்பளவு சேறு, அள்ளிப் போட்டாங்க, ஒருத்தனும் பஸ் காசு கேக்கல. தொண்டு பண்ணச் சொல்றதுல என்ன தப்பு? 2017ல மோடி வந்து தொறந்தாரே டிக்கோயா ஆஸ்பத்திரி, அங்க கிளினிக் நாள்ல போய்ப் பாருங்க, வயசான அப்பாயிங்க மருந்துத் துண்ட கையில வச்சிட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிப்பாங்க. ஒரு ஏ/எல் புள்ள பக்கத்துல நின்னு துண்ட வாசிச்சு வழி காட்டிவிட்டா போதும். அதையும் வேணாம்னா எப்படி?

பெரட்டுக்களம்:
குமாரு நீ என் பக்கம் தான் பேசுற, உனக்கே தெரியல. டித்வாவுக்கு எவன்டா ஃபாரம் நீட்டி கையெழுத்து வாங்குனான்? 2014 அக்டோபர்ல மீரியபெத்தையில மலை சரிஞ்சப்ப அரிசி மூட்டை தூக்குனவன் எவனும் மணித்தியாலம் எழுதிக்கிட்டானா? கட்டாயம் இல்லாமலே நம்ம ஆளுங்க பண்றாங்க. நீ டிக்கோயாவுல இருக்கே, ஆஸ்பத்திரி உனக்கு வாசல்ல. பொகவந்தலாவைக்கு மேல, ரோடே இல்லாத டிவிசன்ல இருக்கிற புள்ள எப்படி வரும்? லயத்துல இருந்து சந்திக்கு நடை, சந்தியில பஸ், டவுன்ல எறங்கி இன்னொரு பஸ். போக வர. யாரு குடுப்பா?

கொட்டகல_எக்ஸ்பிரஸ்:
ஸ்கூல் புள்ளைங்களுக்கு பஸ் சீசன் டிக்கெட் இருக்கே. அரசாங்கம் தான் சலுகையில குடுக்குதே.

பெரட்டுக்களம்:
வந்துட்டாருய்யா. சீசன் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் இடையில தான். அதுவும் சிடிபிக்கு, அரசாங்க பஸ்சுக்கு. எங்க லைன்ல சிடிபி எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. பிரைவேட்ல சீசன நீட்டிப் பாருங்க, கொண்டக்டர் மூஞ்சி போற போக்க.

கொட்டகல_எக்ஸ்பிரஸ்:
எங்கப்பா பிரைவேட் பஸ்ல கொண்டக்டரா இருந்தவரு. எத்தன ஸ்கூல் புள்ளைங்கள சும்மா ஏத்திட்டுப் போயிருக்காரு தெரியுமா. பொதுவா பேசாதீங்க.

பெரட்டுக்களம்:
உங்க அப்பாவப் பத்தி நான் பேசலயே. அவரு நல்லவரா இருந்துட்டுப் போகட்டும். எங்க லைன்ல அவரு இல்ல.

ஊவாக்காரி:
நான் பதுளைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர். இந்த பஸ் சண்டைய கொஞ்சம் நிறுத்திட்டு யாராச்சும் அந்த ஒண்டாரியோ விதிய வாசிச்சுப் பாத்தீங்களா? அதுல எது சேராதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. வீட்டுல வழமையா செய்யிற வேலை சேராது. சம்பளத்துக்கு ஒருத்தர் செய்யிற வேலை சேராது. பாட நேரத்துல செஞ்சாலும் சேராது. அங்க அது நியாயம், புள்ளைய வச்சு ஓசியில வேலை வாங்கிடக் கூடாதுன்னு போட்டது. அத அப்படியே தூக்கி இங்க வச்சா என்னாகும்? என் வகுப்புல ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, விடியக்காலையில எழும்பி பீலியில தண்ணி புடிச்சு, அம்மா பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) போனதும் தம்பிய பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துல சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிற எடம்) விட்டுட்டு, அப்பாயிக்கு ரொட்டி தட்டி வச்சிட்டு முதல் மணிக்கு வந்து நிக்கும். சனிக்கிழம அம்மாவுக்குக் கொழுந்து கிலோ பத்தலன்னா அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுருவாங்கன்னு அதுவும் மலையில ஏறும். அதோட கணக்கு பூச்சியம். டவுன்ல கடைக்கார வீட்டுப் பையன் மாமா பார்மசியில ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு வருவான், அவனுக்கு 40, சீலோட. வேலை அனுபவம் இல்லாத சமூகம்னு எங்களையா சொல்றீங்க?

இன்னொண்ணு. 2003ல ஒண்டாரியோவுல பதிமூணாம் வகுப்ப நிறுத்துனப்ப ரெண்டு பேட்ச் ஒரே வருசம் வெளிய வந்தாங்க. ஒரு பேட்சுக்கு இந்த 40 கட்டாயம், மத்ததுக்கு இல்ல. பிற்பாடு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாத்தவங்க, பொதுக் காரியத்துல இறங்குறதுல பெருசா வித்தியாசம் இல்லன்னு தான் எழுதியிருக்காங்க. இங்கிலாந்துலயும் 14ல இருந்து 16 வயசுக்காரங்களுக்கு ஸ்கூல்ல வேலை சம்பந்தமான கல்வி குடுக்கணும்னு இருந்த கட்டாயத்த 2012ல எடுத்துட்டாங்க.

பெரட்டுக்களம்:
டீச்சர் சொன்னாங்க பாருங்க. பாட நேரத்துல சேராதாம். அப்ப சனி ஞாயிறு தான். சனி ஞாயிறு ஸ்கூலுக்கா போகுது, சீசன நீட்ட? எக்ஸ்பிரஸ் தம்பி இப்ப பேசுங்க.

ஊவாக்காரி:
நான் இவ்வளவு எழுதினதுல உங்களுக்கு அது மட்டும் தான் கண்ணுல பட்டிச்சா?

பெரட்டுக்களம்:
மத்ததெல்லாம் சரி தான் டீச்சர். அதுக்கு முன்ன அந்தப் புள்ள போய்ச் சேரணுமே.

ஸ்காபரோ_மாஸ்டர்:
பிள்ளை, அந்தப் பட்டியலை நானும் வாசிச்சனான். இலங்கைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். வீட்டு வேலையையும் சேர்க்கலாம் எண்டு ஒரு வரி போட்டால் முடிஞ்சுது. நல்ல விசயத்தை ஒருத்தர் சொன்னால் உடனை குறை பிடிக்கிறது எங்கடை சனத்தின்ரை குணம். சிரமதானம் இந்த நாட்டுக்குப் புதுசில்லை. 1958 இலை ஆரியரத்தின எண்ட வாத்தியார் நாலந்தாக் கல்லூரிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ எண்ட பின்தங்கின ஊருக்குப் போய்த்தான் சர்வோதய இயக்கத்தைத் துவங்கினவர். அந்தப் பிள்ளையள் பஸ் காசு கேட்டவையோ?

நல்லதண்ணி_நாடோடி:
கொழும்பு நாலந்தா காலேஜ் புள்ளைங்க மாஸ்டர். கேட்டிருக்க மாட்டாங்க.

பெரட்டுக்களம்:
👏👏👏

நல்லதண்ணி_நாடோடி:
கட்டாயம்னு சொன்னா இந்த நாட்டுல என்ன நடக்கும்னு 2011ல பாத்தோமே. கேம்பஸ் எடுபட்ட புள்ளைங்கள தலைமைத்துவப் பயிற்சின்னு ஆமி கேம்புக்கு அனுப்புனாங்க. தொண்டுன்னு ஆரம்பிச்சு எங்க முடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும். நாங்க சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிஞ்சதும் பாதையில போத்தலும் பொலித்தீனும் பொறுக்குறோம், யாரும் சொல்லி இல்ல. நாளைக்கு ஃபாரத்தோட அம்பது பேர் வந்து செல்பி எடுத்துட்டு போத்தலப் போட்டுட்டுப் போவாங்க. வராம இருந்தாலே உபகாரம்.

டிக்கோயா_குமாரு:
அப்போ நீங்க மட்டும் தான் ஒழுங்காப் பொறுக்குவீங்க, மத்தவன் எல்லாம் செல்பி. நல்ல பெருமை.

நல்லதண்ணி_நாடோடி:
போன சீசனுக்கு வாறேன்னு சொல்லிட்டு வராம இருந்தது யாருன்னு சொல்லவா?

டிக்கோயா_குமாரு:
எனக்குக் காய்ச்சல். குரூப்ல போட்டேன்.

ஸ்காபரோ_மாஸ்டர்:
நான் சொல்ல வாறதை ஒருத்தரும் விளங்கிக்கொள்ளேல்லை. ஒரு வங்கியிலை, ஒரு ஒஃபீஸிலை ரெண்டு கிழமை இருந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு உலகம் தெரியும். கொழும்புப் பிள்ளைக்கு அப்பாவின்ரை சிநேகிதர் இடம் எடுத்துக் குடுப்பார். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆர் எடுத்துக் குடுக்கிறது? கட்டாயம் எண்டு வந்தால்தான் கம்பெனிக்காரன் கதவைத் திறப்பான். இதிலை லாபம் உங்கடை பிள்ளையளுக்குத்தான்.

ஊவாக்காரி:
இந்த ஒண்ணுல மாஸ்டர் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா அது ஏற்கனவே இருக்குற வழி. 2017ல ஆரம்பிச்ச 13 வருட உத்தரவாதக் கல்வியில தொழில் பாடம் எடுக்குற புள்ளைங்களுக்கு வேலைத்தளப் பயிற்சி இருக்கு. அத ஒழுங்கா நடத்தி இடம் புடிச்சுக் குடுங்க முதல்ல. எல்லார் தலையிலயும் கட்டாதீங்க.

பெரட்டுக்களம்:
உலகம் தெரியுமாம். மாஸ்டர், எங்க பையங்க ஓ/எல் (சாதாரணதரப் பரீட்சை) எழுதிட்டு ரிசல்ட்ஸ் வர்ற வரைக்கும் எங்க இருப்பாங்க தெரியுமா, கொழும்பு புறக்கோட்டையில கடை மாடியில அட்டைப்பெட்டிக்கு நடுவுல படுத்து எழும்புவாங்க. ஏப்ரல்ல நுவரெலியா சீசனுக்குப் போய் ராத்திரி பூரா கடை போடுவாங்க. 2021ல தான் வேலைக்குச் சேர்க்கிற வயச 14ல இருந்து 16 ஆக்குனாங்க, அது வரைக்கும் எங்க புள்ளைங்க 'அனுபவம்' எடுத்தது எந்தெந்த வீட்டு அடுப்படியிலன்னு ஊருக்கே தெரியும். எங்களுக்கு இல்லாதது வேலை அனுபவம் இல்ல, செஞ்ச வேலைக்குக் காசு வாங்குன அனுபவம் தான். தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா ஆகறதுக்கே 2021 வரைக்கும் ரோட்டுல உக்காந்தோம்.

இன்னும் சொல்றேன் கேளுங்க, நான் டீச்சர் அசிஸ்டன்ட்டா எடுபட்டவன், அந்த நேரம் தோட்ட ஸ்கூலுக்குன்னு எங்கள எடுத்து மாசம் 6000 ரூபா அலவன்ஸ்னு குடுத்தாங்க, மத்த டீச்சர் எடுக்கிற அதே பீரியட் அதே கரும்பலகை அதே டியூட்டி, கேட்டா பயிற்சி, அனுபவம், சமூகத்துக்குச் செய்யிற சேவைன்னு பேச்சு, கத்திக் கத்தி தான் அது 10000 ஆச்சு, அந்த 6000த்துல பாதி எங்க போச்சு தெரியுமா? பஸ்சுக்கு. அதனால தான்யா கேக்குறேன்.

டிக்கோயா_குமாரு:
அண்ணே நீங்க இந்த 6000த்த எல்லா திரெட்லயும் கொண்டாந்துருவீங்க. போன மாசம் கிரிக்கெட் திரெட்லயும் இது தான்.

பெரட்டுக்களம்:
கொண்டாருவேன். உனக்கு என்ன? நீ அந்த 6000த்துல குடும்பம் நடத்துனியா?

ஸ்காபரோ_மாஸ்டர்:
உங்கடை கஷ்டம் விளங்குது தம்பி. ஆனால் அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து அந்தக் குளிருக்குள்ளை படிப்பிக்கேக்கை ஒருத்தரும் கணக்குப் பார்க்கேல்லை.

பெரட்டுக்களம்:
வந்துச்சா. இதுக்குத் தான் காத்துட்டு இருந்தேன். சம்பளம் இல்லாமலா மாஸ்டர் படிப்பிச்சீங்க? முழுச் சம்பளம் வாங்கிட்டு, லீவுக்கு அரசாங்கம் குடுத்த ரயில் வாரண்ட்ல ஊருக்குப் போயிட்டு, இப்ப தொண்டு மாதிரி பேசுறீங்க. உங்களுக்குப் பயணத்துக்கு வாரண்ட் இருந்திச்சு. எங்க புள்ளைக்கு என்ன இருக்கு?

ஸ்காபரோ_மாஸ்டர்:
மரியாதையாக் கதையுங்கோ. என்னட்டைப் படிச்சவை இண்டைக்கு எஞ்சினியராயும் டொக்டராயும் இருக்கினம்.

பெரட்டுக்களம்:
அவங்க 40 மணித்தியாலம் தொண்டு செஞ்சு தான் டொக்டர் ஆனாங்களா?

நல்லதண்ணி_நாடோடி:
🔥🔥

ஊவாக்காரி:
மாஸ்டர் காலத்து ஆசிரியர்கள அப்படிப் பேசறது சரியில்ல. எங்க அம்மாவுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது பருத்தித்துறையில இருந்து வந்த ஒரு டீச்சர் தான்.

பெரட்டுக்களம்:
நான் டீச்சர்மார பேசல. பஸ் காசப் பேசுறேன்.

கொட்டகல_எக்ஸ்பிரஸ்:
பேசுங்க பேசுங்க. ஆனா பிரைவேட் கொண்டக்டர்மார பத்தி சொன்னத வாபஸ் வாங்குங்க. ஸ்கூல் முடியிற நேரம் ஃபுட்போர்ட்ல தொங்கிட்டு வந்து மிச்சக் காசு குடுக்குறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?

பெரட்டுக்களம்:
எந்தக் கொண்டக்டர் மிச்சக் காசு குடுத்தாரு? பேர் சொல்லுங்க, மாலை போடுறேன்.

கொட்டகல_எக்ஸ்பிரஸ்:
பேர் சொன்னா நாளைக்கு சந்தியில நின்னு அவருக்கிட்ட சண்டைக்குப் போவீங்க, உங்களத் தெரியாதா. தலவாக்கலை ஸ்டாண்டுல நீங்க போட்ட சண்டைய நான் பாத்தவன்.

பெரட்டுக்களம்:
அது வேற விசயம். அன்னிக்கு டிக்கெட்டே தரல அந்த ஆளு.

டிக்கோயா_குமாரு:
ஆஹா இது புதுக் கதையா இருக்கே. சொல்லுங்க எக்ஸ்பிரஸ், முழுசாச் சொல்லுங்க.