புல்லட் சைடு பாக்ஸ்ல தேக்கு வெடிக்குது, என்ன தப்பு?

காட்பாடி_350:
ஸ்டீம்பங்க் ஸ்டைல்ல (நீராவி எஞ்சின் காலத்து மரம், பித்தளைத் தோற்றம்) பழைய 350 புல்லட் ஒண்ணு வேலையில இருக்கு. சைடு பாக்ஸ் மூடித் தகட்டுமேல 8 மி.மீ. கனத்துல ஒரே தேக்குப் பலகை, அகலம் 150 மி.மீ. அரால்டைட் எபாக்ஸி பசை பூசி, நாலு மூலையிலும் பித்தளை ஸ்குரூ. ஐப்பசி மழையில ஒட்டினது, சித்திரை வெயில்ல ஸ்குரூ ஓட்டையிலிருந்து நெடுக விரிசல். பிரெஞ்சு பாலிஷும் தண்ணி பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போச்சு. அடுத்து ஹேண்டில் கிரிப்பும் தேக்குலயே கடையணும். எப்படிச் செய்யலாம்?

கடைசல்_பட்டறை:
மரம் தப்பில்ல தம்பி, மாட்டின விதம்தான் தப்பு. தேக்கு நீளவாக்குல அசையாதுன்னே சொல்லலாம், அகலவாக்குலதான் விரியும், சுருங்கும். ஈரப்பதம் 5 சதவீதம் குறைஞ்சா 150 மி.மீ. பலகை சுமார் 1.4 மி.மீ. சுருங்கும். தகடு சுருங்காது. பசையும் ஸ்குரூவும் இழுத்துப் பிடிச்சா ஓட்டைகிட்டதான் பிளக்கும்.

ஒரே பலகை வேண்டாம். 24 மி.மீ. அகலத்துல ஆறு ரீப்பர், நடுநடுவே 1 மி.மீ. சந்து. பசையே கூடாது. ஒவ்வொரு ரீப்பருக்கும் நடுக்கோட்டுல, ரெண்டு முனையிலும் ஒரு 4 மி.மீ. பித்தளை போல்ட், மரத்துல ஓட்டை 5 மி.மீ. தகட்டுக்குப் பின்னாடி ரப்பர் வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் இருக்கும், அதிர்வுல கழலாது). ரப்பர் லேசா பிதுங்கினா போதும், அதுக்குமேல முறுக்காதீங்க. ஒத்த சிலிண்டர் அதிர்வுக்கு மர ஸ்குரூ நிக்காது.

இடிச்ச வீட்டு நிலை, கதவுத் தேக்கு கிடைச்சா விடாதீங்க, நல்லா காஞ்சிருக்கும். இழைக்கிறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு ஆணி பாருங்க. ரீப்பரா அறுத்து ரெண்டு வாரம் நிழல்ல அடுக்குங்க, வளையிறதை ஒதுக்கிடுங்க.

ராணிப்பேட்டை_பாலிஷ்:
பிரெஞ்சு பாலிஷ் அரக்கு. ஈரத்துல வெளுக்கும், சூட்டுல இளகும், வண்டிக்கு ஆகாது. ஹார்டனர் கலக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் வார்னிஷ் அடிங்க. 120, 180, 240 உப்புத்தாள் முடிச்சு, தேக்கோட எண்ணெய்ப்பசை போக தின்னர்ல துடைச்சதும் முதல் கோட், தண்ணியா. அப்புறம் ரெண்டு. பின்பக்கம், முனை, போல்ட் ஓட்டைக்குள்ளேயும் அடிக்கணும். முன்பக்கம் மட்டும் அடிச்சா பின்னாடி ஈரம் குடிச்சு ரீப்பர் ஓடு மாதிரி வளையும்.

கடைசல்_பட்டறை:
கிரிப்புக்கு முதல்ல துளை, அப்புறம்தான் கடைசல். இடதுபக்கக் குழாய் 22 மி.மீ. இருக்கும், ஆனாலும் வெர்னியர் அளவுகோல் வச்சு அளங்க. வெளிவிட்டம் 34, அதுக்குக் கீழே போனா சுவர் மெலிஞ்சு பிளக்கும். உலக்கைக்குப் போடுற மாதிரி ரெண்டு முனையிலும் பித்தளைப் பூண் கட்டாயம்.

ஆக்ஸிலரேட்டர் பக்கம்தான் ஆபத்து. மரம் ஸ்விட்ச் பெட்டியில உரசினா திருகினது திரும்பாது. 2 மி.மீ. இடைவெளி விடுங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, கையை எடுத்ததும் தானா திரும்புதான்னு பாருங்க.

காட்பாடி_350:
ரொம்ப நன்றிண்ணே. பூண் எவ்வளவு கனம்? ஃபுட்ரெஸ்ட்டும் மரத்துல போடலாமா?

கடைசல்_பட்டறை:
1.5 மி.மீ. சுவர் உள்ள பித்தளைக் குழாய்ல 10 மி.மீ. நறுக்குங்க. மரத்துல பூண் உட்கார்ற இடத்தை ஒரு மயிரிழை பெருசா கடைஞ்சு, பூணைச் சூடாக்கி ஏத்துங்க. ஆறினதும் கவ்விக்கும். ஃபுட்ரெஸ்ட் இரும்பாவே இருக்கட்டும், ஆள் எடை தாங்குற இடம் அது. சைலன்சர் பக்கமும் வேண்டாம்: வண்டி அரைமணி ஓடின பிறகு கை வைக்க முடியாத இடத்துல மரம் வைக்காதீங்க.