டிவி யூனிட்: ஆசாரி செய்யிறதா, கடையில வாங்குறதா? 14 இஞ்ச் ஆழம் போதும்னு சொல்றவங்களுக்கு

மேலூரான்:
திருநகர்வாசி அண்ணே நேத்து எழுதுனதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. "இந்தக் காலத்துல ஆசாரியைக் கூப்பிட்டு டிவி யூனிட் செய்யிறது காசைக் கரியாக்குற வேலை. நான் ஆன்லைன்ல வாங்குன 6 அடி யூனிட்ல 55 இஞ்ச் டிவி, ரிசீவர், சென்டர் ஸ்பீக்கர் எல்லாம் கச்சிதமா உக்காந்திருச்சு, ஆழம் 14 இஞ்ச்தான்"னு போட்டிருக்காரு. அண்ணே, ஏவி ரிசீவர், அதான் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரையெல்லாம் ஓட்டுற ஆம்ப்ளிஃபயர் பெட்டி, பெரும்பாலும் 13லேர்ந்து 15 இஞ்ச் ஆழம். அதுக்குப் பின்னாடி படமும் சத்தமும் போற எச்டிஎம்ஐ வயர், ஸ்பீக்கர் வயரெல்லாம் வளைஞ்சு வர 2, 3 இஞ்ச் வேணும். கூட்டிப் பாருங்க. 14 இஞ்ச்ல எப்படிக் கச்சிதம்? புதுசா வீடு கட்டுற பிள்ளைக இதை நம்பி வாங்கிட்டு முழிக்கும். அதுக்காகத்தான் எழுதுறேன்.

திருநகர்வாசி:
ஆரம்பிச்சுட்டீங்களா தம்பி? என் வீட்டுல இருக்குறதை நான் சொல்றேன், அது இல்லைங்கிறீங்க. பின்பக்கப் பலகை 3 மில்லிமீட்டர்தான். வயருக்கு ஓட்டை போட்டே வருது, அதைக் கொஞ்சம் பெருசா அறுத்துக்கிட்டேன். யூனிட்டைச் சுவத்துலேர்ந்து தள்ளிப் போட்டிருக்கேன். வேலை முடிஞ்சது. ஆசாரி வந்தா ஹால் முழுக்க மரத்தூளு, பசை வாடை, டீ வாங்கிக் கொடு, வடை வாங்கிக் கொடு. "நாளைக்கு வாரேண்ணே"னு போனவரு முகூர்த்தமெல்லாம் முடிஞ்ச பிறகுதான் தலையைக் காட்டுவாரு.

மேலூரான்:
எம்புட்டு தள்ளிப் போட்டிருக்கீங்க? 3 இஞ்ச்சா? அப்ப 14ம் 3ம் 17. நான் சொன்ன கணக்குக்கே வந்துட்டீங்களே! ஹால்ல 17 இஞ்ச் அடைச்சுட்டு 14ன்னு எழுதுனா எப்படி?

காளவாசல்காரன்:
எங்க வீட்டுலயும் 14 இஞ்ச்தான். ஒரு குறையும் இல்ல. சவுண்ட்பார்னு நீட்டு ஸ்பீக்கர் மேல, செட்டாப் பாக்ஸ் கீழ. அருமையா இருக்கு.

மேலூரான்:
சவுண்ட்பாருக்கு 14 எதுக்குங்க? 6 இஞ்ச்ல பலகை அடிச்சாலே போதும். பேசுறது ஹோம் தியேட்டரைப் பத்தி.

காளவாசல்காரன்:
அப்ப எங்க வீட்டுல இருக்குறது ஹோம் தியேட்டர் இல்லையா? 5.1ன்னு, அதாவது அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்னு பெட்டியிலயே போட்டிருக்கான்.

உளிச்சத்தம்:
திருநகர்வாசி சார், எங்கப்பா இதே மதுரையில ஆசாரி. குடிச்ச டீயைச் சொல்லிக் காட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? வேலை ஏன் இழுக்குதுன்னு தெரியுமா? மைக்காவை ஒட்டி முடிச்ச பிறகு வீட்டுக்காரம்மா வந்து "இந்தக் கலர் வேணாம், வால்நட் போடுங்க"ம்பாங்க. பாதியில டிராயர் ஒண்ணு கூடும். கூலி மட்டும் கூடாது.

ஆழத்துக்கு வாரேன். பிளைவுட் ஷீட் 8க்கு 4 அடி. 4 அடிங்கிறது 48 இஞ்ச். 16 இஞ்ச்னு வச்சா மூணு பட்டை விழும், ரம்பம் தின்னது போக பட்டைக்கு ஒரு நூல், அதான் அரைக்கால் இஞ்ச், குறையும், அவ்வளவுதான். 18ன்னு கேட்டா ரெண்டு பட்டைதான், 12 இஞ்ச் மிச்சம். அந்த மிச்சத்தை டிராயருக்கும் உள்தட்டுக்கும் ஓட்டத் தெரிஞ்ச ஆசாரியா இருந்தா ஷீட் வீணாகாது. 710 பிளை, அதான் தண்ணி தாங்குற பிளைவுட், சதுர அடி நூறு ரூபாய்க்கு மேல விக்கிது. அதனால எங்கப்பா 16ன்னுதான் சொல்வாரு.

மேலூரான்:
தம்பி, நீங்க நம்ம கட்சின்னு நினைச்சேன். 16 எப்படிப் போதும்? ரிசீவர் 15 இருந்தா பின்னாடி 1 இஞ்ச். எச்டிஎம்ஐ பின்னு மட்டுமே ஒண்ணரை இஞ்ச் நீட்டிக்கிட்டு நிக்கும். அதை மடக்கிச் சொருகுனா போர்ட்டுதான் ஆட்டம் காணும். 18தான். ஷீட்டுக்காக யூனிட்டா, ரிசீவருக்காக யூனிட்டா?

உளிச்சத்தம்:
பின்பலகையில ஓட்டை விட்டா 16 தாராளம்ணே. எங்கப்பாவுக்குத் தெரியாததா?

திருநகர்வாசி:
பாருங்க, ஆசாரி மகனே ஓட்டை விடச் சொல்றாரு. நான் விட்டா மட்டும் குத்தமா?

வைகைக்கரை:
எல்லாரும் ஆழத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. பொருள் என்னன்னு யாராவது கேட்டீங்களா? ஆன்லைன்ல வர்ற விலை கம்மி யூனிட்டுல முக்கால்வாசி பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்துனது. மாப் போடுற தண்ணி தினமும் கால்ல பட்டா ஓரம் ஊதி, மேல ஒட்டுன பட்டி பிரிஞ்சுக்கும். 3 அடி நீளத் தட்டுல 8, 10 கிலோ ரிசீவரை வச்சா நாளாவட்டத்துல நடுவுல தொய்யும். கரையான் வந்தா அதோட சரி. ஐஎஸ் 710 பிளைல செய்யுங்க. 72 மணி நேரம் கொதிதண்ணியில போட்டாலும் பசை விடக் கூடாதுங்கிறது அதோட தரம்.

திருநகர்வாசி:
நான் ஹால்ல உக்காந்து படம் பாக்குறேன், கொதிதண்ணி காய்ச்சல. ஹாலுக்கு 303 முத்திரை போட்ட சாதாரண பிளையே போதும்னு கடைக்காரரே சொல்வாரு. 710, 710ன்னு சொல்லியே ஜனங்களைச் செலவு வைக்கிறாய்ங்க. கரையான் வந்தா நிலைக்கதவையும்தான் தின்னும்.

வைகைக்கரை:
710ல கரையான், பூச்சிக்கு மருந்து ஏத்தணும்ங்கிறதும் சேந்துதான் இருக்கு. போன மாசம் இன்வெர்ட்டர் பேட்டரி பேச்சுலயும் இப்படித்தான் அரைகுறையா அடிச்சு விட்டீங்க. நான் மறக்கல.

திருநகர்வாசி:
அதை எதுக்கு இங்க இழுக்குறீங்க? அன்னைக்கும் நான் சொன்னது சரிதான்.

அண்ணாநகர் குடித்தனக்காரன்:
வாடகை வீட்டுல இருக்குறவனை யாரும் நினைக்கலையே. செவுத்தோட செவுறா ஆசாரி அடிச்ச யூனிட்டைக் கழட்டி டாட்டா ஏஸ்ல ஏத்த முடியுமா? எனக்கெல்லாம் வாங்குறதுதான்.

உளிச்சத்தம்:
அந்தப் பார்ட்டிகிள் போர்டை ஒரு தடவை கழட்டி மாட்டுங்க, அப்பறம் ஸ்க்ரூ பிடிக்குதான்னு சொல்லுங்க. ஓட்டை லூசாகி மரத்தூளாக் கொட்டும். தனியா நிக்கிற மாதிரி ஆசாரிகிட்ட சொன்னாலும் செய்வாரு. கேக்கத் தெரியணும்.

செட்டிநாட்டான்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போங்க. பழைய வீடு பிரிச்ச தேக்கு கிடைக்கும். அதுல செஞ்சா பேரன் காலம் வரைக்கும் இருக்கும். இந்த 303, 710 பேச்சே வேணாம்.

திருநகர்வாசி:
பேரன் காலத்துல டிவி எந்த சைஸ்ல இருக்கும்? எங்க பழைய வீட்டுல 21 இஞ்ச் டப்பா டிவிக்குன்னு கடப்பா கல்லு வச்சுக் கட்டுன ஷோகேஸ் இன்னும் கிடக்கு. 55 இஞ்ச் டிவி 4 அடி அகலம், அது எப்படி உள்ள போகும்? இப்ப சாமி படம் வச்சிருக்கு. கட்டுனா இதுதான் கதி. வாங்குனதை வித்துட்டு வேற வாங்கலாம்.

மேலூரான்:
அது உங்க டிவிக்கு அளவு பார்த்துக் கட்டுனது, காலம் மாறிருச்சு. நீங்க இப்ப வாங்குனது உங்க ரிசீவருக்கு அளவே பார்க்காதது. பெட்டிக்குள்ள மடங்குறதுக்கும் லாரியில அடுக்குறதுக்கும் தோதா அளவு வச்சிருக்கான். 14 இஞ்ச் அங்கிட்டிருந்துதான் வருது. 2006ல அரசாங்கம் இலவசமாக் கொடுத்த கலர் டிவியும் 14 இஞ்ச்தான். அந்தக் காலத்துலயே நிக்கிறீங்க அண்ணே.

காளவாசல்காரன்:
இலவச டிவியைக் கேவலமாப் பேசாதீங்க. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அதுதான் முதல் டிவி.

மேலூரான்:
நான் டிவியைச் சொல்லல, அளவைச் சொன்னேன். இன்னொண்ணு கேளுங்க. ரிசீவர் சூடாகும். மேல மூடியில கையை வச்சுப் பாருங்க, சித்திரை வெயில்ல சுட்டுரும். அதுக்குத்தான் மேலயும் பக்கத்துலயும் காத்தோட இடம் விடச் சொல்லி மேனுவல்லயே எழுதியிருக்கான். திருநகர்வாசி அண்ணன் போட்டோவுல முன்னாடி கண்ணாடிக் கதவு, மேல ரெண்டு விரக்கடை கூட இல்ல. பாதிப் படத்துல சூட்டுல அணைஞ்சு போகும். ஆசாரிகிட்ட சொன்னா அந்தத் தட்டை 10 இஞ்ச் உயரம் வச்சு, பின்னாடி திறந்து விட்டுச் செஞ்சு கொடுப்பாரு. கடைக்காரன் கேப்பானா? வசனம் வர்ற சென்டர் ஸ்பீக்கரும் தட்டோட முன் விளிம்புக்கு வரணும். உள்ள தள்ளி வச்சா வசனம் பலகையில பட்டு அமுங்கும். திம் திம்னு அடிக்கிற சப்வூஃபரை யூனிட்டுக்குள்ள வச்சீங்கன்னா கதவு மொத்தமும் அதிரும். இம்புட்டையும் பார்த்துதான் செய்யணும்கிறேன். எல்லாத்துக்கும் அடிப்படை ஆழம். 14 போதாது.

திருநகர்வாசி:
கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சுத்தான் படம் பாக்குறோம். இதுவரைக்கும் ஒரு நாள் அணைஞ்சதில்ல.

உளிச்சத்தம்:
திறந்தே வைக்கிறதுக்குக் கதவு எதுக்கு சார்?

திருநகர்வாசி:
பிள்ளைக கை வைக்காம இருக்க. உங்களுக்கெல்லாம் வீட்டுல பிள்ளை இருக்கா இல்லையா?

புதுமனை:
ஐயா, திருமங்கலத்துல வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். அடுத்த வாரம் ஹால் பூச்சு வேலை. வயர் போக பைப் எங்க விடணும், டிவி எந்த உயரம்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்.

வைகைக்கரை:
உக்காந்தா கண்ணு நிக்கிற உயரம், தரையிலேர்ந்து மூணரை அடி, டிவியோட நடு அங்க வரணும். ரெண்டு இஞ்ச் பைப் விடுங்க, பூசுறதுக்கு முன்னாடி. யூனிட் 710ல செய்யுங்க.

மேலூரான்:
பைப் இருக்கட்டும் தம்பி, முதல்ல ஆழத்தை முடிவு பண்ணுங்க. 18. ஆசாரி 16ன்னு சொன்னாலும் விடாதீங்க.

உளிச்சத்தம்:
16 போதும்.

திருநகர்வாசி:
14ல எங்க வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. வந்து பாத்துட்டுப் பேசுங்க.

மேலூரான்:
வாரேன் அண்ணே. டேப் எடுத்துட்டு வாரேன். சுவத்துலேர்ந்து அளப்பேன், பலகையிலேர்ந்து இல்ல.