ரெண்டு கயிறு போட்டு மரம் ஏறுறவங்க இருக்கீங்களா?

வணக்கம் அண்ணன்மாரே. பெங்களூரு அல்சூர் பக்கம் மரம் கழிக்கிற வேலை. மழைக்கு முன்னாடி தூங்குமூஞ்சியும் குல்மோகரும்தான் அதிகம். மேல செயின்சா பட்டு ஒத்தைக் கயிறு அறுந்தா ஆள் தரையிலதான். பிரிட்டன்ல உயரத்துல வேலை செய்யறதுக்கான 2005 விதிப்படியே தனித்தனியா கட்டின ரெண்டு கயிறு வேணும். ரெண்டாவதால ஆபத்து கூடும்னா மட்டும் விலக்கு.

நானும் மாறப் பார்க்கிறேன். ஆனா வேற வேற கவையில போட்டா, பக்கக் கிளைக்கு நகரும்போது ஒண்ணு தொய்யுது, இன்னொண்ணு இடுப்பை இழுக்குது, நடுவுல சுள்ளி மாட்டி ரெண்டும் முறுக்கிக்குது. ஒரே கவையில போட்டா அது முறிஞ்சா ரெண்டும் போச்சே! (குல்மோகரை நம்பவே முடியாது, உள்ள சொத்தையா இருக்கும்.)

ரெண்டுலயும் புருசிக் முடிச்சா (கயித்தைச் சுத்திப் போடுறது, எடை விழுந்தா இறுகிப் பிடிக்கும்), இல்ல ஒண்ணுல அதே மாதிரி பிடிக்கிற மெக்கானிக்கல் கருவியா? பழகினவங்க சொல்லுங்க. பெங்களூருல நேர்ல காட்டித் தர்றவங்க இருந்தா இன்னும் நல்லது, ஞாயித்துக்கிழமை வர்றேன்.