புதுப்பிப்பு: சிடியின் கடைசிப் பாடல்களில் வந்த பிழை தீர்ந்தது

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் நாதஸ்வர சிடிகளைக் கணினியில் ஏற்றும்போது கடைசிப் பாடல்களில் மட்டும் பிழை வருகிறது, ஏறியவற்றிலும் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

சிடியைத் துடைத்தது ஓரளவுக்குத்தான் உதவியது. (நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். டிரைவின் பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது.) பலித்தது, வேகத்தைக் குறைக்கச் சொன்ன நண்பரின் யோசனை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் பாதுகாப்பான முறையை (ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் படித்துச் சரிபார்ப்பது) தேர்ந்தெடுத்து, வேகத்தைச் சாதாரணமாகப் பாட்டு ஓடும் வேகத்தின் 4 மடங்காகக் குறைத்து வைத்தேன். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. கடைசிப் பாடல்கள் இருக்கும் விளிம்பில்தான் பெரும்பாலான டிரைவ்கள் தலைதெறிக்க ஓடுகின்றன.

எதிர்பாராதது ஒன்று: குளிர்ந்த அறையில் கிடந்த டிரைவை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்ததும் பிழை திரும்பிவிட்டது. லென்ஸில் ஈரம் கோத்துக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் சும்மா விட்டால் சரியாகிறது. மலைக்காரர்கள் கவனிக்கவும்.

ஒரு சிடி மட்டும் தேறவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரிகின்றன. லேபிள் பக்கத்துப் பூச்சு உதிர்ந்துவிட்டது. அதற்கு எந்த மென்பொருளும் உதவாது.