எது அசல் நாட்டுப்புறப் பாட்டு? நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு கல்லூரி விழாவுக்குப் பறையாட்டக் குழுவை அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏற்பாட்டாளர்கள் ஒரே பிடியாக நின்றார்கள்: தோல் பறைதான் வேண்டும், ஃபைபர் கூடாது, ஒரிஜினலாக இருக்கணும். குழுவின் மூத்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துவிட்டார். "கோயில், ஊர்வலத்துக்கெல்லாம் ஃபைபர்தான் தம்பி. மழை பெஞ்சாலும் சத்தம் இறங்காது. உங்கள மாதிரி ஆளுங்க கூப்பிட்டாதான் தோலை எடுப்போம்."

விழா அரங்கில் தீ மூட்ட அனுமதி இல்லை. வெளியே, பைக் நிறுத்தும் இடத்தில் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். சிண்டுக் குச்சியால் தட்டினால் கணீரென்று கேட்டது. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. எல்லாம் முடிவதற்குள் ஏசியில் தோல் தொய்ந்துவிட்டது!

நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து, "சாவு வீட்டில் அடிப்பீங்களே, அதுதானே ஒரிஜினல்? அதை ஒரு தடவை அடிங்க" என்றார். மூத்தவர் முகம் சுண்டிவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடித்த அடி அது. அவருடைய அப்பா காலத்திலேயே, இனி சாவுக்கு வர மாட்டோம் என்று ஊரோடு சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

* * *

பறை பற்றி எழுதிய நண்பருக்கு: இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் 1954இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கூடி ஒரு வரையறையே எழுதியது. வெளியிலிருந்து வந்த மெட்டை ஊர் அப்படியே பாடினால் அது நாட்டுப்புற இசை இல்லை, தன் போக்கில் மாற்றிப் பாடினால் உண்டு என்பது அதன் சாரம். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. எங்கள் ஊர் முளைப்பாரிக் கும்மியில் ஒரு சினிமா மெட்டு இருக்கிறது. காதலி இருந்த இடத்தில் மாரியம்மன் வந்துவிட்டாள், வேகம் பாதியாகிவிட்டது. "சினிமாக்காரன்தான் நம்மகிட்டருந்து எடுத்தான்" என்று என் பெரியம்மா சத்தியம் செய்கிறார். படம் வந்த வருடத்தைச் சொன்னேன். கேட்பதாக இல்லை.

* * *

நான் எம்.ஏ. படித்தபோது ஒப்பாரி சேகரிக்கப் போனேன். சொந்த அத்தைதான், நன்றாகப் பாடுவார். "யாரும் சாகாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்று முதலில் திட்டு விழுந்தது. இரண்டு நாள் கெஞ்சியபின், ஊரைத் தாண்டி ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனார். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் எனக்காகத்தான் பாடினார். அடிக்கு அடி நிறுத்தி, எழுதிக்கொண்டேனா என்று பார்த்துப் பார்த்துப் பாடினார். நாலைந்து அடி தாண்டியதும் செத்துப்போன அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மெட்டு உடைந்தது, சொல் தடுமாறியது, மூக்கைச் சிந்திக்கொண்டே போனார். பேனாவை மூடிவிட்டேன். செல்போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டார். "இதை வீட்டுக்குள்ள வச்சுப் போட்டுக் கேட்காதே" என்றார்.

பதிவை வழிகாட்டியிடம் கொடுத்தேன். முதல் நாலு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மீதிக்கு எதிரே பென்சிலால் குறித்திருந்தார்: 'தெளிவில்லை. வெட்டவும்.'